காரி தீவின் கிழக்குக் கடற்கரையில் சிறு கேம்பருடன் குடும்பமாகத் தங்குவது: வேலிக்குள்ளா, வெளியிலா?

தாழம்பூ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பர் பள்ளி விடுமுறையில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள காரி தீவுக்குக் குடும்பத்தோடு போய்ச் சில இரவுகள் தங்க எண்ணியிருக்கிறோம். பிரேசர் தீவு என்ற பெயரில் அறிந்தவர்களுக்காகச் சொல்கிறேன், 2023 ஜூனில் பழங்குடியினரான புட்சுல்லா மக்களின் பெயரே மீண்டும் அதிகாரபூர்வமாகிவிட்டது.

நாங்கள் பிரிஸ்பேனில் வசிக்கிறோம். வண்டி டொயோட்டா பிராடோ, நான்கு சக்கரங்களும் இயங்கும் வகை. அண்மையில் கரடுமுரடான பாதைகளுக்கென்றே செய்யப்பட்ட, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சிறிய கேம்பர் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். ஒற்றை அச்சு, உள்ளே இருவர் படுக்கும் மெத்தை, பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை, பக்கவாட்டில் விரித்துக்கொள்ள ஒரு கேன்வாஸ் கூடாரம். சாமான்களை ஏற்றிய பிறகு எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். மூத்தவளுக்கு ஒன்பது வயது, இளையவனுக்கு மூன்று. ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனாரும் உடன் வருகிறார். அவருக்கு எழுபது வயது நெருங்குவதால் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்க நேரும்.

என் கணவருக்கு ஈலை ஓடைக்குப் பக்கத்தில், வேலி எதுவும் இல்லாத கடற்கரை மணலிலேயே தங்க வேண்டும் என்று ஆசை. எனக்கு அங்குள்ள காட்டுநாய்களான டிங்கோக்களை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. அந்த மணலில் கேம்பரை இழுத்துச் செல்வது எங்களைப் போன்ற புதியவர்களால் முடியுமா, முடியுமென்றால் எங்கே தங்குவது நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


மணல்வழி எழுதியது:

வண்டியைப் பற்றி முதலில் சொல்கிறேன், தங்கும் இடத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள்.

மெதுவாகவும் வலுவாகவும் இழுக்க உதவும் லோ ரேஞ்ச் கியர் உள்ள உயரமான வண்டிக்கு ஒரு டன் கேம்பர் பெரிய சுமை அல்ல. ஆனால் தார்ச்சாலையில் பின்னால் இருப்பதே தெரியாமல் உருண்டு வரும் அதே கேம்பர், மணலில் நங்கூரத்தைப் போல இழுத்துப் பிடிக்கும். கேம்பரின் இரு சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலம் உங்கள் வண்டியின் அகலத்தோடு ஒத்திருக்கிறதா என்று புறப்படுவதற்கு முன் அளந்து பாருங்கள். ஒத்திருந்தால் வண்டி அழுத்திவிட்டுப் போன தடத்திலேயே கேம்பரும் ஏறி வரும். ஒத்திராவிட்டால் அது தனக்கென்று இரண்டு புதிய தடங்களை உழுதுகொண்டு வரும், எஞ்சின் அந்த உழவுக்கும் சேர்த்து உழைக்க வேண்டியிருக்கும்.

பயணம் முழுவதிலும் அதிகமானோர் மணலில் புதைந்து நிற்கும் இடம் தீவுக்குள் இல்லை. ரெயின்போ பீச்சைத் தாண்டி, இன்ஸ்கிப் முனையில் ஃபெரியை நோக்கி இறங்கும் அந்தச் சிறிய மணல்வெளிதான் அது. எல்லா வண்டிகளும் அதே இடத்தில் மிதித்து மிதித்து மணல் மாவுபோல் ஆகிவிட்டிருக்கும். ஆகவே தார் முடியும் இடத்திலேயே நின்று காற்றை இறக்குங்கள். வண்டிக்கு 18 முதல் 20 பிஎஸ்ஐ வரை வைக்கலாம். கேம்பரின் டயர்களையும் அதே அளவுக்கு இறக்க வேண்டும். முன்னால் நான்கு டயர்களையும் இறக்கிவிட்டுப் பின்னால் இரண்டை 40-இல் விட்டுவிட்டு, ஏன் இழுக்கவில்லை என்று திகைத்து நிற்கும் குடும்பங்களை ஒவ்வொரு விடுமுறையிலும் அங்கே காணலாம். புதைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இறங்கி, டயருக்கு முன்னுள்ள மணலை மண்வெட்டியால் விலக்கி, காற்றை 15 வரை இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். காற்று குறைந்த டயரோடு சட்டென்று வளைக்காதீர்கள், விளிம்பிலிருந்து டயர் கழன்றுவிடும். பிரேக்கை அழுத்தி நிறுத்தினாலும் சக்கரங்களுக்கு முன்னால் மணல் குவிந்து, மீண்டும் கிளம்ப முடியாமல் போகும். காலை எடுத்துவிட்டுத் தானாக ஓடி நிற்க விடுவதே முறை.

அடுத்தது ஓதம், அதாவது கடல்நீர் கரையில் ஏறி இறங்குவது. உயர் ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பும் இரண்டு மணி நேரம் பின்பும் கடற்கரையில் ஓட்ட வேண்டாம் என்பது பூங்காத் துறையின் அறிவுரை; கேம்பர் இழுப்பவர்கள் அதை விதியாகவே கொள்ளலாம். தாழ் ஓதம் நண்பகலை ஒட்டி வரும் நாளைத் தேர்ந்தெடுத்துக் கடந்தால், ஈரம் இறுகிய மணலில் தீவின் தென்முனையான ஹூக் முனையிலிருந்து வடக்கே நிம்மதியாகப் போகலாம். தேதியைப் பள்ளி நாட்காட்டியோடு நிறுத்திக்கொள்ளாமல் ஓத அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

அந்தக் கடற்கரை சட்டப்படி ஒரு நெடுஞ்சாலை. வேக வரம்பு 80 கி.மீ., தீவின் உட்பாதைகளில் 30. காவல்துறை வேகமானியும் மூச்சுச் சோதனையும் வைத்திருப்பார்கள். சிறு விமானங்களும் அதே மணலில் இறங்குகின்றன. நன்னீர் ஓடைகள் கடலுக்குள் பாயும் இடங்களில் மணல் அறுபட்டு, சில சமயம் முழங்கால் உயரத்துக்குச் செங்குத்தான விளிம்பு உருவாகியிருக்கும். வெயில் சாய்ந்த பிறகு அது கண்ணுக்குத் தெரியாது. 80 அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்காகக் கேம்பரோடு 80-இல் போக வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று, இதை மிக அழுத்தமாகச் சொல்கிறேன். மற்றொரு வண்டியைக் கொண்டு இழுத்து மீட்கும்போது, கேம்பரை மாட்டும் உருண்டையில் ஒருபோதும் இழுவைப் பட்டையை மாட்டக்கூடாது. அந்த உருண்டை அத்தகைய வெட்டியிழுப்புக்காகச் செய்யப்பட்டதல்ல. அது முறிந்து குண்டுபோல் பறந்ததில் ஆஸ்திரேலியாவில் உயிர்கள் போயிருக்கின்றன. உதவ வருபவர் எவ்வளவு அனுபவசாலியாகத் தோன்றினாலும், அதில் மாட்டப் போனால் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.


வடமராட்சியான் எழுதியது:

சகோதரி, உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையோடு முதல் முறை போகிறவர்கள் வேலி போட்ட முகாமில்தான் தங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

2001 ஏப்ரலில் வாடி முனைக்கு அருகில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் டிங்கோக்களால் கொல்லப்பட்டான். அதன் பிறகுதான் தீவில் டிங்கோ தொடர்பான கட்டுப்பாடுகள் இன்றைய அளவுக்குக் கடுமையாயின. உங்களுக்கு இன்னும் நேரடியாகப் பொருந்துவது 2019 ஏப்ரலில் நடந்தது. கேம்பருக்குள் பெற்றோரோடு உறங்கிக்கொண்டிருந்த பதினான்கு மாதக் குழந்தையை இரவில் ஒரு டிங்கோ வெளியே இழுத்துச் சென்றது. அழுகுரல் தேய்ந்துகொண்டு போவதைக் கேட்டு விழித்த தந்தை ஓடிச் சென்று மீட்டார். குழந்தை காயங்களோடு பிழைத்தது. கேம்பர் இருக்கிறதே, கதவு இருக்கிறதே என்று நாம் நினைக்கிறோம். கேன்வாஸ் துணியும் ஜிப்பும் டிங்கோவுக்குத் தடையே அல்ல.

புட்சுல்லா மக்கள் வோங்காரி என்று அழைக்கும் இந்த விலங்குக்கு அந்தத் தீவே வீடு. மனிதனிடம் உணவு கிடைக்கும் என்று ஒருமுறை தெரிந்துகொண்ட டிங்கோ மனிதனை நெருங்கப் பழகுகிறது. நெருங்கியது பிறகு துணிகிறது. துணிந்து கடித்தால் அதன் உயிரும் போகிறது. ஆகவே உணவைப் பூட்டி வைப்பது நம் பிள்ளைகளைக் காப்பது போலவே அந்த விலங்கையும் காப்பதாகும். உணவு கொடுத்தாலும், அதற்கு எட்டும்படி விட்டுவைத்தாலும் அபராதம் இரண்டாயிரம் டாலரைத் தாண்டும்.

டண்டுபரா முகாமில் வேலி, கழிப்பறை, குளியலறை எல்லாம் உண்டு, கேம்பரும் வசதியாக நிற்கும். அங்கிருந்து கரைதட்டிச் சிதைந்து கிடக்கும் மஹீனோ கப்பலுக்கும் ஈலை ஓடைக்கும் கடற்கரை வழியாகவே போய் வரலாம். வேலிக்கு வெளியே கால் வைத்தால் இளையவன் எப்போதும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், மூத்தவளும் அப்படியே. டிங்கோ நெருங்கினால் ஓடக்கூடாது; நிமிர்ந்து நின்று, கைகளை மார்பின் குறுக்கே கட்டி, அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டு முற்றத்திலேயே நடித்துப் பழக்கிவிடுங்கள்.


கடற்காற்று எழுதியது:

வடமராட்சியான் அண்ணா கூறிய தகவல்கள் எதையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் வேலியில்லாத கடற்கரையை ஆபத்தின் இடமாக மட்டுமே காட்டிவிட்டால், அந்தத் தீவின் சிறப்பான பகுதியையே இந்தக் குடும்பம் இழந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

முன்மணல்மேட்டின் பின்னால், கடற்கருவேலம் போன்ற குட்டை மரங்களின் நிழலில், அலைக்கு நூறு அடி தூரத்தில் உறங்கி எழுவது வேறொரு அனுபவம். விளக்கே இல்லாத வானத்தில் பால்வீதியை என் பிள்ளைகள் முதலில் பார்த்தது அங்கேதான். வேலி போட்ட முகாமில் விடுமுறை நாட்களில் கூட்டம் நெருக்கும். பக்கத்துக் கூடாரத்தின் பேச்சு உங்கள் தலையணை வரை கேட்கும்.

மேலும், வேலி பலருக்கு அசட்டுத் துணிச்சலைத் தருகிறது. உள்ளே வந்துவிட்டோம், இனி என்ன என்று குளிர்பெட்டியை வெளியிலேயே வைத்துவிட்டு உறங்குகிறார்கள், வாயிற்கதவைச் சாத்தாமல் வண்டியை ஓட்டிப் போகிறார்கள். வெளியில் தங்குகிறவரோ ஒவ்வொரு நொடியும் கவனமாக இருக்கிறார். பிள்ளைகள் ஓரளவு வளர்ந்து, ஒழுங்கைக் கடைப்பிடிக்கத் தெரிந்த குடும்பம் வெளியில் தங்குவதில் தவறில்லை என்பதே என் நிலை.


வடமராட்சியான் எழுதியது:

கடற்காற்று, நீங்கள் சொன்னதில் பாதியை நான் முழுமனதோடு ஏற்கிறேன். வேலி இருக்கிறது என்று உணவை வெளியில் விடுகிறவர்களை நானும் கண்டிருக்கிறேன். வானத்தைப் பற்றி நீங்கள் எழுதியதிலும் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் நீங்கள் பேசுவது “ஓரளவு வளர்ந்த பிள்ளைகள்” உள்ள குடும்பத்தைப் பற்றி. இங்கே கேட்டிருப்பவருக்கு மூன்று வயது மகன் இருக்கிறான், இரவில் தனியாக எழுந்து வெளியே போகும் பெரியவர் இருக்கிறார். “ஒவ்வொரு நொடியும் கவனமாக” என்று எழுதுவது எளிது. நாள் முழுவதும் வண்டி ஓட்டி, கூடாரம் அடித்து, சமைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் களைத்த தாயும் தகப்பனும் இரவு இரண்டு மணிக்கு எவ்வளவு கவனமாக இருக்க முடியும்?

நாங்கள் வேலியில்லாத இடத்தில் தங்கியபோது, உணவு எல்லாவற்றையும் வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டே உறங்கினோம். விடிந்ததும் பார்த்தால் கேம்பரின் சமையல் மேடைக்கு நேர் கீழே மணலில் காலடித் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பதிந்திருந்தன. முந்தைய இரவு அப்பளம் பொரித்தபோது நாலைந்து சொட்டு எண்ணெய் சிந்திய இடத்தில் மணல் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டப்பட்டிருந்தது. படுக்கையின் தலைப்பக்கத்திலிருந்து அந்தக் குழி இரண்டு எட்டுத் தூரம்கூட இருக்காது. நாங்கள் எவரும் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

இளையவன் வளர்ந்த பிறகு வெளியில் தங்கலாம். தீவு எங்கும் போய்விடாது.


மருதாணி எழுதியது:

நான் செவிலியாகப் பணிபுரிகிறவள், அந்தக் கண்ணோட்டத்தில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

கிழக்குப் பக்கக் கடலில் பிள்ளைகளை இறக்க வேண்டாம். உயிர்காப்பாளர்கள் இல்லாத கடல், இழுப்பு வலியது, சுறாக்களும் உண்டு. நீராட வேண்டுமென்றால் ஈலை ஓடை இருக்கிறது. தெளிந்த நன்னீர், மூத்தவளுக்கு ஒரு மிதவை கொடுத்தால் ஓடையே அவளைக் கடலை நோக்கி மெல்லக் கொண்டு வரும், நீங்கள் பக்கத்திலேயே நடந்து வரலாம். இல்லையெனில் பூரங்கூரா ஏரி, அதாவது மெக்கன்ஸி ஏரி. அது மழைநீர் மட்டுமே தேங்கி நிற்கும் ஏரி என்பதால் நாம் பூசிக்கொள்ளும் சன்ஸ்கிரீனும் எண்ணெயும் வெளியேற வழியில்லை. பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சலுடை போட்டுவிடுவது தோலுக்கும் ஏரிக்கும் நல்லது.

காற்று கரையை நோக்கி வீசும் நாட்களில் புளூபாட்டில் எனப்படும், ஜெல்லிமீன் போன்ற நீலநிற உயிர்கள் மணலில் ஒதுங்கும். செத்துக் கிடப்பதும் கொட்டும். கொட்டிவிட்டால் ஒட்டியிருக்கும் இழைகளை எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடங்கள் வைத்தால் வலி தணியும்.

தீவின் பல பகுதிகளில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காது. செயற்கைக்கோள் வழியே அபாயக் குறிப்பை அனுப்பும் சிறு கருவியை வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். மாமாவின் மருந்துகளைக் குறித்த நாட்களுக்கு மேல் இரண்டு நாட்களுக்குக் கூடுதலாகக் கொண்டு போங்கள். வானிலை மாறினால் கடற்கரை ஓட்ட முடியாததாகி, நினைத்த நாளில் திரும்ப முடியாமல் போகக்கூடும்.


தாழம்பூ எழுதியது:

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. 2019-இல் நடந்ததைப் படித்த பிறகு என் கணவரும் மறுபேச்சின்றி டண்டுபராவுக்கு இசைந்துவிட்டார். எழுந்து நடந்தால் வேலிக்குள்ளேயே கழிப்பறை என்பது மாமாவுக்கும் பெரிய நிம்மதி.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. சமையலை எப்படி வைத்துக்கொள்வது? மாமாவுக்கு மாலையில் விறகு மூட்டி உட்கார வேண்டும் என்றும், தூண்டில் போட வேண்டும் என்றும் ஆசை. இவற்றுக்கு அனுமதி உண்டா?


மருதாணி எழுதியது:

நாங்கள் முதல் நாளுக்குப் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் வீட்டிலேயே கட்டிக்கொண்டு போவோம். அன்று கூடாரம் அடிக்கவே பொழுது போய்விடும். அடுத்த நாட்களுக்கு ரவை, இட்லிப்பொடி, வற்றல்குழம்புக் கலவை போன்றவையே போதும். கருவாடும் மீன்குழம்பும் வேண்டவே வேண்டாம், அந்த வாடை வெகுதூரம் போகும். வெளிச்சம் இருக்கும்போதே சமைத்து, உண்டு, பாத்திரம் கழுவி, குப்பை உட்பட எல்லாவற்றையும் வண்டிக்குள் பூட்டிவிடுங்கள்; பற்பசை, சோப்பு, குழந்தையின் பால்புட்டி ஆகியவையும் அதில் அடங்கும்.

மழை வந்தால் கேன்வாஸை மூடிக்கொண்டு உள்ளே கேஸ் அடுப்பு பற்றவைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழை நாளில் அவலை ஊறவைத்துச் சாப்பிடுங்கள், உள்ளே அடுப்பு மட்டும் வேண்டாம்.


மணல்வழி எழுதியது:

நெருப்பைப் பற்றி நான் சொல்கிறேன். கடற்கரை மணலில் எங்கும் விறகு மூட்டக்கூடாது. டண்டுபராவிலும் வாடி முனையிலும் மட்டும் பொதுவான நெருப்பு வளையங்கள் இருக்கின்றன. தடை அறிவிப்பு இல்லாத நாட்களில் அங்கே மூட்டலாம். காட்டில் ஒரு சுள்ளியும் பொறுக்கக்கூடாது, பூச்சு ஏதும் இல்லாத அறுத்த மரத்துண்டுகளை வெளியிலிருந்தே கொண்டு வர வேண்டும். 2020 அக்டோபரில் யாரோ சட்டத்துக்குப் புறம்பாக மூட்டிய நெருப்பைச் சரியாக அணைக்காமல் மணலால் மூடிவிட்டுப் போனார்கள். அது வாரக்கணக்கில் எரிந்து தீவின் பாதியை அழித்தது. மணல் போட்டு மூடினால் நெருப்பு அணைவதில்லை, அடியில் கனன்றுகொண்டே இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பார்க்கும் வரை மாமாவை எழுந்திருக்க விடாதீர்கள்.


கடற்காற்று எழுதியது:

தூண்டிலுக்குத் தாராளமாக அனுமதி உண்டு, குயின்ஸ்லாந்தில் கரையிலிருந்து பொழுதுபோக்காக மீன்பிடிக்க உரிமம் தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: டெய்லர் மீன்கள் கூட்டமாக வரும் இந்தியன் ஹெட் முதல் வாடி முனை வரையிலான பகுதியில் ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை மீன்பிடிக்கத் தடை. டண்டுபரா அதற்குத் தெற்கே இருப்பதால் உங்களுக்குச் சிக்கலில்லை. செதிலையும் குடலையும் நீர் ஏறும் எல்லைக்குச் சற்றுக் கீழே, குறைந்தது அரை மீட்டர் ஆழத்தில் புதைத்துவிடுங்கள். தூண்டில் இரையும் உணவுதான், அதையும் காலடியில் விடாமல் பூட்டி வைக்க வேண்டும். மாமா தூண்டில் போடும்போது இளையவனை அவர் பொறுப்பில் விடாதீர்கள், மீன் இழுக்கும்போது எவருக்கும் கண் தூண்டிலில்தான் இருக்கும்.

டண்டுபராவைத் தேர்ந்தது சரிதான். கூட்டத்தைப் பற்றி நான் எழுதியதை வைத்து மனம் மாற வேண்டாம்.


தாழம்பூ எழுதியது:

முகாமுக்கும் வண்டிக்கும் அனுமதிச் சீட்டு இன்று பதிவு செய்துவிட்டோம். பிற்பகல் தாழ் ஓதம் வரும் நாளாகப் பார்த்து, புறப்பாட்டை ஒரு நாள் தள்ளி வைத்திருக்கிறோம். மெக்கன்ஸி ஏரிக்குக் கேம்பரையும் இழுத்துச் செல்ல வேண்டுமா? திரும்பி வந்த பிறகு கேம்பருக்குச் செய்ய வேண்டியது என்ன?


மணல்வழி எழுதியது:

கேம்பரை முகாமிலேயே விட்டுவிட்டு வண்டியில் மட்டும் போங்கள். ஏரிக்குப் போகும் உட்பாதை ஒற்றை வண்டி அகலம்தான். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கும் இடம் வரை பின்னோக்கி வர வேண்டியிருக்கும், மரவேர்களுக்கு நடுவே கேம்பரோடு அது மிகக் கடினம்.

திரும்பும்போது தார்ச்சாலை தொடங்கும் முன் ஆறு டயர்களுக்கும் காற்று நிரப்புங்கள். கம்ப்ரசர் சூடாகிவிடும் என்பதால் இடையில் ஓய்வு கொடுக்க நேரம் ஒதுக்குங்கள். அன்றே, முடிந்தால் ரெயின்போ பீச்சிலேயே, அடிப்பாகத்தை நன்னீரால் கழுவிவிடுங்கள். வண்டியை விடக் கேம்பருக்குத்தான் உப்பு அதிகம் ஏறும், வண்டியின் சக்கரங்கள் வாரியடிப்பதெல்லாம் அதன்மேல்தான் விழுகிறது. பிரேக் டிரம்மின் உட்பகுதி, ஸ்பிரிங் பட்டைகளின் இடைவெளி, விளக்கு வயர் இணைப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பழைய கேம்பர் என்பதால் சக்கரத்தின் பேரிங்கைப் போகும் முன்னரே கழற்றிப் புதிய கிரீஸ் வைத்து, மாற்றுப் பேரிங் ஒரு ஜோடி கையில் வைத்துக்கொள்ளுங்கள். தீவில் அது கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.